எண்ணெய் காய்ந்த நேரத்தில் விட்ட மீன்

திண்டுக்கல்,
20.4.2004

அன்புள்ள நிலாவுக்கு,

அப்பாவும் நானும் வெயிலைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே பனி உருகிவிட்டதாக எழுதியிருந்தாய், உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் ம், ம் என்று மட்டும் சொன்னதில் உனக்குக் கோபம் என்று தெரியும். அப்பா பேப்பர் படிப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பக்கத்தைத் திருப்பவே இல்லை. சூசைராஜிடம் கேட்டால் அவன் மீன் நன்றாக இருந்தது என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை என்று புலம்பினாய். அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா என்ன சொன்னார் என்பதுதான் உனக்கு வேண்டும், ஆனால் நடந்தபடிதான் சொல்வேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

அவன் அங்கிருந்து லீவில் வந்த முதல் வாரமே நம் வீட்டுக்கு வந்தான். தாத்தா காலத்துப் பெயரை வைத்துக்கொண்டு தாத்தா மாதிரியே அடக்கமாக உட்கார்ந்திருந்தான். அப்பா அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை, தம்பிக்குக் காப்பி குடு என்று என்னிடம்தான் சொன்னார். சாப்பிடச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, அவங்களுக்குத் தவக்காலம், விருந்தெல்லாம் எதுக்கு என்றார். ஈஸ்டர் முடிந்தபின் ஒரு நாள் நானே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், அன்றைக்குப் பார்த்து இவருக்கு வயிறு சரியில்லை, அறையை விட்டு வரவில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது பெண் பார்க்க வருகிறவர்களுக்கு உள்ள வழக்கம். அதைத் திருப்பிப் போட்டுத் தன் வீட்டிலேயே பட்டினி கிடந்த முதல் ஆள் உன் அப்பாவாகத்தான் இருக்கும். வேதக்காரப் பையன் என்பது பாதிக் காரணம், தன்னைக் கேட்காமல் நீயே பார்த்துக்கொண்டாய் என்பது மீதி. இரண்டில் எது பெரிய பாதி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்படி இருந்தவர், அங்கிள், மூணாறு பக்கம் மேல ஒரு எஸ்டேட் ஏரியில டிரவுட் மீன் இருக்கு, வாரீங்களா என்று அவன் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அகரத்தில் இருந்த காலத்தில் குடகனாற்றில் தூண்டிலோடு திரிந்த மனுஷன் அல்லவா. நமது உரக்கடையிலிருந்து அந்த எஸ்டேட்டுக்குச் சரக்குப் போகிறது, ஒரு போனில் அனுமதி வாங்கிவிட்டார். போன ஞாயிறு இருட்டோடு பாரூக்கின் வேனில் கிளம்பினோம். முகமது பாரூக்கை உனக்கு நினைவிருக்கும், உன்னைக் காலேஜில் கொண்டுபோய் விட்டவர். பேச்சாயி அத்தையும் ஒட்டிக்கொண்டாள், தன் தம்பி, அதாவது உன் அப்பா, எதற்காவது தலையாட்டிவிடுவானோ என்ற பயம் அவளுக்கு. அரைத்த மசாலா, எண்ணெய், தோசைக்கல், ஸ்டவ், ஒரு தூக்கு நிறைய வெறும் சோறு. நான் முட்டையாவது அவித்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். மீன் பிடிக்கப் போறப்ப வேற வெஞ்சனம் கொண்டுபோனா ஒண்ணுகூட மாட்டாது, அம்புட்டுப் படிச்சும் இது தெரியலையா என்று அத்தை என் வாயை அடைத்தாள். எம்.எஸ்ஸி. விலங்கியலில் இது சொல்லித்தரவில்லைதான். ஊறுகாய்கூட எடுக்கவில்லை.

போடிமெட்டு தாண்டியதும் குளிர் வந்துவிட்டது. ஏரி சின்னதுதான், சுற்றிலும் தேயிலை, கரையில் ஒரு காவல் கொட்டகை. காவலர் கண்ணுசாமி சட்டம் சொன்னார், இறகுத் தூண்டில் மட்டும்தான், மண்புழு போடக் கூடாது, ஆளுக்கு இரண்டு மீன் எடுத்துக்கொள்ளலாம். சூசைராஜ் டப்பாவைத் திறந்து தான் கட்டிய பூச்சிகளைக் காட்டினான், கோழி இறகும் நூலும்தான், ஆனால் ஈசல் மாதிரியே இருந்தது. அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல், இதத் திங்கிற மீனு அறிவுகெட்ட மீனாத்தான் இருக்கணும் என்றார். அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்த நீளக் கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சுழற்றி வீச ஆரம்பித்தான். நீ எழுதியபோது நான் பெரிதாக நினைக்கவில்லை, ஆனால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அத்தைக்கு அப்படித் தோன்றவில்லை. ஏலே முருகேசா, இவன் மீன் பிடிக்கிறானா காக்கா வெரட்டுறானா என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

மதியம் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் பசி. திடீரென்று கம்பு வளைந்தது. பாரூக், மாட்டிருச்சு மாட்டிருச்சு என்று குதிக்கிறார், அத்தை ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கல்லில் எண்ணெய் ஊற்றிவிட்டாள், அப்பாகூட எழுந்து கரைக்கு வந்துவிட்டார். அவன் செத்த நேரம் அதை ஓடவிட்டு, இழுத்து, மெதுவாகக் கைக்குக் கொண்டுவந்தான். முழங்கை நீளம் இருக்கும், பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. கொக்கியைக் கழற்றினான், தண்ணீருக்குள் வைத்துக் கொஞ்சம் பிடித்திருந்தான், விட்டுவிட்டான். அங்கே உங்கள் ஆற்றில் செய்கிற பழக்கம். அய்யய்யோ, விட்டுட்டானே, இங்க எண்ணெ காயுதுடா பாவி என்று அத்தை போட்ட சத்தத்தில்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்கு உறைத்தது. குடையைப் பஸ்ஸில் விட்டவன் மாதிரி நின்றான். விடுங்கக்கா, அது போயி அவங்க அண்ணனக் கூட்டிட்டு வரும் என்றார் பாரூக். அப்பா திரும்பி ஏரியின் வளைவுப் பக்கம் நடந்து மறைந்துவிட்டார். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன், எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரியல ஆன்ட்டி, கைக்கு வர்ற வரைக்கும்தான் ஆசை, வந்ததும் போயிருது என்றான். பெண் கேட்டு வந்தவன் பெண்ணின் அம்மாவிடம் சொல்லக்கூடிய பதிலா இது. அடுத்த நிமிடம் அது அவனுக்கும் தெரிந்து காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேயிலையைப் பார்த்தேன்.

அரை மணி கழித்து அப்பா வந்தார். வேட்டி நனைந்திருக்கிறது, கையில் ஒரு குச்சியில் கோத்த மீன். வீட்டிலிருந்தே சட்டைப் பையில் கொக்கியும் தூண்டில் நரம்பும் எடுத்து வந்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. கண்ணுசாமி வந்து நின்றார். என்ன சார், புழுவா என்றார். நம் அப்பா, கடையில் ஒரு மூட்டைக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷன், சும்மா போகிறபோக்கில், புழுவெல்லாம் இல்லப்பா, இறகுதான், இந்தத் தம்பிதான் கத்துக் குடுத்தாரு, வேணும்னா அவரையே கேளு என்றார். இரண்டு வாரத்தில் அவனைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். எல்லோரும் சூசைராஜைப் பார்க்கிறோம். ஆமாம் என்று சொன்னால் போதும், அன்றைக்கே உறவாகிவிடலாம். எனக்கே அவன் சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது, நீ அங்கே என்ன பாடு படுகிறாய் என்று எனக்குத் தெரியாதா. அவன் மீனின் வாயைத் திறந்து பார்த்தான். இல்லங்க, இது புழுதான், கொக்கி தொண்டைக்குள்ள போயிருக்கு, தப்பு எங்க மேலதான், சட்டம் என்னவோ அதச் செய்யுங்க என்று கண்ணுசாமியிடம் சொன்னான். பிறகு அப்பா பக்கம் திரும்பி, ஆனா செத்துருச்சு மாமா, இனி விட்டும் பிரயோசனமில்ல, பொரிச்சிரலாம் என்றான். அதுவரை அங்கிள்தான்.

கண்ணுசாமி தலையைச் சொறிந்துகொண்டு, சரி, இத்தோட கம்ப மடக்கிருங்க, என் பொழப்பையும் பாக்கணும்ல என்றார். அவன் மறுபேச்சில்லாமல் கம்பை மடக்கி உறையில் போட்டான். அப்பா ஏரியில் முகம் கழுவிக்கொண்டே நின்றார், ஒரு முகத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு வந்து இலையின் முன் உட்கார்ந்து, உக்காருங்க தம்பி, சோறு ஆறிப்போச்சு என்றார், அவனைப் பார்த்து. ஒரே மீன், கண்ணுசாமியோடு ஆறு பேர். நடுத்துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தார். மாமனக் காட்டிக் குடுத்தவனுக்கு நடுத்துண்டா, எனக்கு வாலா என்று அத்தை பொங்கினாள். எனக்காக இன்னைக்குப் பொய் சொன்னா நாளைக்கு எங்கிட்டயும் சொல்லுவான்ல, நீ சாப்புடுக்கா என்றார் அப்பா. பெரிய தீர்ப்பு மாதிரிதான் சொன்னார், ஆனால் அதில் பாதி பசி என்பது என் கருத்து. மீன் உப்புச் சப்பில்லாமல் இருந்தது, அயிரைக்குக் கால் தூசி பெறாது. அவன் உன்னிடம் நன்றாக இருந்தது என்று சொன்னது அவனுடைய ஒரே பொய்யாக இருக்கலாம்.

நேற்றுக் காலை அப்பாவே கேட்டார், வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க கோயில் முடிஞ்சு எத்தன மணிக்கு வீட்ல இருப்பாங்க என்று. அத்தை இன்னும் முணுமுணுக்கிறாள், ஆனால் எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்றும் கேட்டாள். ஆக, அவர் சரி என்றுவிட்டார். இதற்காக நீ அவசரப்படாதே. அப்பாவைச் சம்மதிக்க வைப்பதிலேயே மும்முரமாக இருந்துவிட்டு, உனக்கு வேண்டுமா என்று யோசிக்க மறந்திருக்கப் போகிறாய். நாங்கள் போய்ப் பேசிய பிறகும் வேண்டாம் என்று நீ சொல்லலாம், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஆற்றில் தனியாக இறங்காதே, பனித் தண்ணீர் காலை மரத்துப்போகச் செய்யும், விழுந்த பிறகுதான் தெரியும். எல்லா நலனும் பெற்று நீ நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். என்னைக் கேட்டால், எனக்கும் சம்மதம்தான். அதை அவனிடம் உடனே சொல்லிவிடாதே, இன்னும் கொஞ்ச நாள் பயந்துகொண்டிருக்கட்டும்.

உன் அம்மா,
அன்புக்கரசி