இருக்கைக்கு அடியில் மிமி

காரைக்கால்
27-7-2025

அன்புள்ள தெல்ஃபின் அக்காவுக்கு நித்யஸ்ரீ எழுதுவது.

நீங்களும் சார்செலில் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். மிமி நன்றாகச் சாப்பிடுகிறது.

போன வாரம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது ஃபோன் நின்றுபோனது சிக்னலால் இல்லை. உங்கள் அண்ணன் லூசியன் ஐயா என் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்துவிட்டார். "வீட்டுல நடக்குறத பாரிசு வரைக்கும் பரப்புறியா?" என்று கேட்டார். மிமி பிரான்சுக்கு வருவதற்காக ஊசி போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பியதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிமிதான் அவர் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. எத்திவிட்டார். சுவர் வரைக்கும் உருண்டு போய், எழுந்து வந்து மறுபடியும் குரைத்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததும் ஐயா உள்ளே போய்விட்டார்.

உங்கள் அம்மா இவோன் மதாம் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் நடக்கும். ஐயா குரல் உயர்ந்தால் மிமி குரைக்கும். மிமி குரைத்தால் தெரு எட்டிப் பார்க்கும். தெரு பார்த்தால் அவர் கை இறங்கிவிடும். மதாம் அதற்காகத்தான் மிமியை எப்போதும் மடியிலேயே வைத்திருந்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

தையல்கடை சஃபியுல்லா பாய் தன் ஃபோனில் பேசச் சொன்னார். பக்கத்தில் ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். எழுதினால் வருகிறது. ஒன்பதாவதோடு நின்று உங்கள் வீட்டு வேலைக்கு வந்தவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிலைப் பாய் கடைக்கே போடுங்கள். வீட்டுக்கு வந்தால் ஐயா பிரிப்பார்.

நீங்கள் அளவு சொன்ன பையைப் பாய் தைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று பக்கமும் கொசுவலை. "ஏரோப்ளேன்ல நாய்க்கு சீட்டு உண்டா பாப்பா?" என்று கேட்டார். சீட்டுக்கு அடியில் என்றேன். "அப்ப நம்ம ஜாதிதான்" என்று சிரித்தார்.

என் நெற்றியில் கொஞ்சம் வீக்கம் இருந்தது. வடிந்துவிட்டது.

இப்படிக்கு,
நித்யஸ்ரீ

*

சார்செல்
12-8-2025

என் செல்ல நித்யாவுக்கு,

உன் கையெழுத்து இவ்வளவு அழகு என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. வரும்போது உனக்குப் புது ஃபோன் கொண்டுவருகிறேன்.

அண்ணன் அப்படித்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து கொண்டுவந்த கோபம் என்று அம்மா சொல்வார். அதற்கு முன்பே அது இருந்தது. எனக்கு ஏழு வயதில் முன்பல் போனது அவன் கையால்தான். நான் அந்த வீட்டில் கற்றுக்கொண்டது ஒன்றுதான், சத்தம் போடக் கூடாது. சத்தம் போட்டால் இன்னும் விழும். நீயும் எதிர்த்துப் பேசாதே.

இப்போது மிமி விஷயம். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் அவளை இந்த நாட்டுக்குள் விடுவார்கள். அதற்குள் நீ அவளைப் பையில் பழக்க வேண்டும். சரக்கோடு சரக்காக அவளை அனுப்ப எனக்கு மனம் இல்லை. பயணிகள் இருக்கும் இடத்தில் என் காலடியில் வர வேண்டும். பையோடு சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கைக்கு அடியில் படுத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், குரைக்கக் கூடாது. குரைக்கிற நாயை ஏற்ற மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. விமானம் கிளம்பும்போது காதை அடைக்கிற சத்தம் வரும், தரை நடுங்கும். அதற்கும் அவள் பழகியிருக்க வேண்டும்.

உன்னால் முடியும். உன்னைப்போல அமைதியான பெண் பழக்கினால் நாயும் அமைதியாகிவிடும்.

அன்பு முத்தங்களுடன்,
தெல்ஃபின் அக்கா

*

காரைக்கால்
1-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாய் நூல்கண்டு டப்பாவுக்குள் வைத்திருந்து கொடுத்தார்.

பையைத் திறந்து தரையில் போட்டு, மதாமின் பழைய சேலைத் துண்டை உள்ளே விரித்தேன். மிமி மோந்து பார்த்துவிட்டுத் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு ஜிப்பை மூடினேன். குரைத்தால் திறக்க மாட்டேன். பேசாமல் இருந்தால் திறந்து பிஸ்கட் கொடுப்பேன். விரலை உதட்டில் வைத்துக் காட்டுவேன். சில நாளிலேயே புரிந்துகொண்டது.

நெடுங்காட்டுக்கு அப்பாவைப் பார்க்கப் போனபோது பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்தேன். கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, "என்னம்மா, கோழியா? கோழிக்கும் டிக்கெட் உண்டு" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாதான், "கோழின்னா இந்நேரம் கொக்கரிக்காதா? ஒன் வேலையப் பாருய்யா" என்று அதட்டினார். மிமி அசையவே இல்லை.

விமானச் சத்தத்துக்குச் சுரக்குடி ரைஸ்மில்லுக்குக் கொண்டுபோனேன். மிஷின் ஓடினால் தரையே நடுங்கும். பையை அதன் ஓரமாக வைத்துவிட்டு நின்றேன். முதல் நாள் பயத்தில் துணியை நனைத்துவிட்டது. அடுத்தடுத்துப் போகப் போக அங்கேயே தூங்க ஆரம்பித்துவிட்டது. மில்லில் இருக்கும் முத்தையன் அண்ணன், "எங்க வூட்டுல ரெண்டு பேரு இருக்காங்க, அவங்களையும் இப்படிப் பழக்கி வுடு தங்கச்சி" என்றார்.

இப்போது பைக்கு வெளியிலும் மிமி குரைப்பதில்லை. தபால்காரர் வந்தாலும், மதில்மேல் பூனை வந்தாலும் என் விரலைத்தான் பார்க்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சோற்றில் கல் கிடந்தது என்று செவ்வாய்க்கிழமை ஐயா பெல்ட்டை எடுத்தார். மிமி ஓடி வந்து நின்று வாயைத் திறந்தது. என்னைப் பார்த்தது. நான் பழக்கத்தில் விரலை உதட்டில் வைத்துவிட்டேன். அது வாயை மூடிக்கொண்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. ஐயா தன் கை ஓய்கிற வரைக்கும் அடித்தார். முன்பெல்லாம் அவ்வளவு நேரம் அடித்ததில்லை.

அக்கா, மிமியை எடுத்துக்கொண்டு நான் நெடுங்காட்டுக்கே போய்விடட்டுமா? நீங்கள் வரும் வரைக்கும் அங்கே பார்த்துக்கொள்வேன். நீங்கள் சரி என்று எழுதினால் போய்விடுவேன்.

இப்படிக்கு,
நித்யஸ்ரீ

*

சார்செல்
16-9-2025

நித்யா கண்ணு,

ரைஸ்மில்! வேலை செய்யும் இடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எப்பேர்ப்பட்ட மூளை உனக்கு!

டிக்கெட் எடுத்தாயிற்று. மிமிக்கும் சேர்த்து. கல்லறைத் திருநாளுக்கு வந்து அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மறுநாளே அவளோடு கிளம்புகிறேன். நீயும் சென்னை வரைக்கும் காரில் வா. விமான நிலையம் பார்த்த மாதிரி இருக்கும்.

நெடுங்காட்டுக்கு வேண்டாம். அங்கே தெருநாய்கள் அதிகம். ஒரு கடி பட்டாலும் ஊசி, ரத்தம், மூன்று மாதம் எல்லாம் முதலிலிருந்து. அதோடு அண்ணன் தனியாக இருந்தால் வீட்டை என்ன செய்வானோ. அண்ணனிடம் நானே பக்குவமாகப் பேசுகிறேன். இன்னும் கொஞ்ச நாள்தான். எனக்காக, அம்மாவுக்காகப் பொறுத்துக்கொள். முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

மிமியின் எடையை மறக்காமல் எழுது.

முத்தங்களுடன்,
தெல்ஃபின் அக்கா

*

நெடுங்காடு
8-10-2025

அக்காவுக்கு,

இதை அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன். மிமி உயிரோடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஐயாவிடம் ஃபோனில் பேசினீர்களாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சமையலறைக்கு வந்தார். குடித்திருந்தார். "அம்மா செத்ததுக்கு ஒரு வாரம்தான் லீவு கெடைச்சிது அவளுக்கு. நாய்க்கு ஏரோப்ளேன்ல எடம் போடுறா. ஒரு நா என்னக் கூப்புட்டாளா? நாயி எங்கடி?" என்றார்.

மிமி பையில் இருந்தது. பை பெஞ்சுக்கு அடியில் இருந்தது. மீன் வறுக்க அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்க ஒளிச்சு வச்ச?" என்று அறைந்தார். காதுக்குள் ரைஸ்மில் ஓடுகிற சத்தம் கேட்டது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் விழுந்த பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் எத்தினார். அரிசி வாளியை எத்தினார். பெஞ்சுக்கு அடியில் இருந்த பையையும் எத்தினார். பழந்துணி என்று நினைத்திருப்பார். அதிலிருந்து சத்தமே வரவில்லை. ஆத்திரம் தீராமல் மறுபடியும் அதையே எத்தினார். பை என் பக்கமாகத் திரும்பி வந்து விழுந்தது. கொசுவலைக்குள் மிமியின் கண் தெரிந்தது. குரைக்கலாமா என்று கேட்கிற மாதிரி என்னையே பார்த்தது.

என் விரல் உதட்டில் இருந்தது அக்கா. நான் வைக்கவில்லை. அது தானாகவே அங்கே போயிருந்தது.

அடுத்த உதையில் உள்ளே ஏதோ முறிந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. அப்போதும் மிமி குரல் கொடுக்கவில்லை.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. அடுப்பிலிருந்த கல்லைக் கைப்பிடியோடு தூக்கி, அவர் எத்துகிற காலில் முட்டிக்குக் கீழே அடித்தேன். எலும்பு உடைந்தது, தோல் பொசுங்குகிற வாடை வந்தது. விழுந்தார். விழுந்த பிறகும் அடித்தேன். எத்தனை அடி என்று போலீசில் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

தெருவே வந்துவிட்டது. சஃபியுல்லா பாய்தான் கிட்டே வந்து, "போதும் பாப்பா. கல்ல எங்கிட்ட குடு, ஒன் கை வேவுது பாரு" என்றார். அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மா, "இந்தப் பொண்ணுக்குத் தொண்டை இருக்குறதே இன்னைக்குத்தானே தெரியுது" என்று அழுதார்.

மிமிக்கு விலா எலும்பு இரண்டு, பின்னங்கால் ஒன்று. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சிதம்பரநாதன் கட்டுப் போட்டுக்கொண்டே, "ஒரு தடவ கத்தியிருந்தா தெருவே அப்பவே ஓடி வந்திருக்கும். இவ்வளவு அடிக்கு எந்த நாயும் சும்மா இருக்காதே. ஏம்மா கத்தல?" என்று கேட்டார்.

நான்தான் பழக்கினேன் என்று அவரிடம் சொன்னேன்.

போலீசில் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் என் வாயாலேயே சொன்னேன். பெல்ட்டையும் சொன்னேன்.

நித்யஸ்ரீ

*

சார்செல்
18-10-2025

அன்பு நித்யஸ்ரீ,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். நீ கத்தினாய் என்ற இடத்தில் எனக்கு உன்மேல் பொறாமை வந்தது. பல் போன அன்று ரத்தத்தை விழுங்கிக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் யோசித்துப் பார். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இனி நேராக நடப்பானா என்று தெரியாது. அவனும் உன்மேல் புகார் கொடுத்திருக்கிறான். நீ உன்னுடையதைத் திரும்ப வாங்கினால் அவனும் வாங்கிக்கொள்வான், நான் பேசிவிட்டேன். எங்கள் குடும்பப் பெயர் காரைக்கால் கோர்ட்டில் வேண்டாம் நித்யா. அம்மா உன்னை வேலைக்காரியாக நடத்தவில்லையே.

மிமியின் டிக்கெட்டை நான் மாற்றவில்லை. இங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவள் இந்த வீட்டு நாய், என் அம்மாவின் மிச்சம். கட்டோடு இருந்தாலும் தினமும் கொஞ்ச நேரம் பையில் வை, பழக்கம் விட்டுப்போகக் கூடாது. இத்தனை பாடுபட்ட பிறகு விமான நிலைய வாசலில் அவள் குரைத்து, ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் வீண்.

ஒன்றாம் தேதி மாலை காரைக்காலில் இருப்பேன். மிமியைப் பாய் கடையில் கொண்டுவந்து கொடு.

தெல்ஃபின்

*

நெடுங்காடு
1-11-2025

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் பைக்குள் இருக்கும். இதையும் மதாமின் சேலைத் துண்டையும் தவிரப் பையில் வேறு எதுவும் இல்லை. கிழிந்த கொசுவலையைப் பாய் மாற்றித் தைத்துவிட்டார். துண்டை எத்தனை தடவை துவைத்தும் கறை போகவில்லை. அதை மடித்து வைத்திருக்கிறேன், அது மதாமுடையது, உங்களுக்கு வேண்டும். காலையில் கல்லறைக்குப் போய் மதாமுக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். நீங்கள் வரும்போது அணைந்திருந்தால் மறுபடி ஏற்றுங்கள்.

மிமி வராது. கட்டை அவிழ்த்தாயிற்று, கொஞ்சம் நொண்டுகிறது. ஆனால் இப்போது குரைக்கிறது.

அதைத் திரும்பப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு கெஞ்சினாலும் என் உதட்டையே பார்த்தது. கடைசியில் நானே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து குரைத்துக் காட்டினேன். நாற்றங்காலில் நின்ற அப்பா, "என்ன புள்ள ஆச்சு?" என்று சேற்றோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்து குரைத்தார். வரப்பில் போன ஆட்கள் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நின்று பார்த்தார்கள். அப்பாவைப் பார்த்துத்தான் மிமிக்கு முதல் சத்தம் வந்தது. இருமல் மாதிரி இருந்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. டிராக்டரைப் பார்த்துக் குரைக்கிறது, கொக்கைப் பார்த்துக் குரைக்கிறது, தெருநாய்களைப் பார்த்துக் குரைக்கிறது. ஒன்றும் அதைக் கடிக்கவில்லை. நான் குரல் கொடுத்தாலும் பதிலுக்குக் குரைக்கிறது. குரைக்கிற நாயை ஏற்ற மாட்டார்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன். ஐயா என்மேல் கொடுத்ததும் அப்படியே இருக்கட்டும். நான் அடித்தது நிஜம்தான், அதையும் கேட்டால் சொல்வேன். கோர்ட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். தினமும் வாய்க்கால் கரையில் நின்று சொல்லிப் பார்க்கிறேன்.

மதாம் என்னை வேலைக்காரியாக நடத்தவில்லை. அதனால்தான் ஐயா குரல் உயர்ந்தால் மடியில் மிமியை வைத்துக்கொண்டு, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பல் போன அன்று யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம் அக்கா.

புது ஃபோன் வேண்டாம். பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.

யாரோ ரோட்டில் சைக்கிளில் போகிறார்கள். மிமி குரைக்கிறது. சட்டென்று என் விரலைப் பார்த்துக்கொண்டேன். பேனாவில்தான் இருக்கிறது.

நித்யஸ்ரீ