அம்மா அவுட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம், உன் நலத்தை எழுது என்று வழக்கம்போல் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலம் என்ற சொல்லிலேயே கை நின்றுவிட்டது. அம்மா நலம்தான். நீயும் நானும் நினைத்துக்கொண்டிருப்பதைவிட ரொம்பவே நலம். அதுதான் சேதி, என்னை ஆட்டிவைத்த அதிர்ச்சியும் அதுதான். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்ந்து கத்துவாய், உன் குளிர்பதனக் கிடங்குக்குள் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும், அம்மா வேறு பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். அதனால்தான் கடிதம். முழுதும் படி, அப்புறம் கத்து.

இந்தக் கோடையில் நம் சமையலறையில் ஒரு மனுஷி நிற்க முடியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அடுப்புக்கு லீவு விட்டுவிட்டு, அம்மாவைத் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். நீ இங்கே இருந்தபோது அது சைக்கிள் ரிப்பேர் கடை. இப்போது ஒரு மீசைக்காரர் எடுத்து நடத்துகிறார். வெயில் காலம் வந்ததும் மேஜை நாற்காலிகளைப் பின்பக்கக் காலி மனைக்குக் கொண்டுவந்துவிடுவார். பாதி இடம் சிமெண்ட் தளம், மீதி வெறும் மண். மண்ணில் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார், உட்கார்ந்ததும் காலுக்குச் சில்லென்று இருக்கும். வறுத்த மீன், சுட்ட சோளம், கடைசியில் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து வெட்டிய தர்ப்பூசணி. சாப்பிட்டு முடித்தவர்களை அவர் எழுப்பிவிடுவதும் இல்லை. எல்லோரும் காற்றாட உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் இரண்டு வாய்க்கு மேல் இறங்காத அம்மா, அங்கே மீன் முள்ளைக்கூட விடுவதில்லை. தன் தட்டு காலியானதும் என் தட்டைப் பார்ப்பாள். வெளிக்காற்று பட்டால் பசிக்கிறது, எல்லாம் என் ஏற்பாடு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் அங்கே போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. ஒரு கையில் கைத்தடி, மறு கையை நான் பிடித்துக்கொள்வேன். படிக்குப் படி பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டே இறக்குவேன். அவளும் அதற்கேற்ற மாதிரி ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கை கழுவப் போனேன். குழாயடியில் கூட்டம். திரும்பி வந்து பார்த்தால் நாற்காலி காலி. தட்டில் பாதி மீன் கிடக்கிறது. கைத்தடி நாற்காலி முதுகில் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. தடி இங்கே இருக்கிறது என்றால் அம்மா எங்கேயோ விழுந்து கிடக்கிறாள் என்றுதானே அர்த்தம்? குளியலறையில் அவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த அந்தக் காலைதான் கண்ணுக்கு வந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கழிப்பறைக் கதவைத் தட்டினேன், உள்ளே இருந்த யாரோ ஓர் ஆள் பயந்துபோய் இருமினார்.

அப்புறம்தான் மண் பக்கம் திரும்பினேன். சாப்பிட வந்தவர்களின் பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமிதான் பிடிக்கிறவள். அவள் மண் என்று சொல்லியிருக்கிறாள் போல, சிமெண்டில் ஏறிவிட்டால் தொடக் கூடாது. மண்ணில் நின்றவர்களையெல்லாம் துரத்திக்கொண்டிருந்தாள். துரத்தப்பட்டவர்களில் ஒருத்தி நம் அம்மா.

தம்பி, அம்மா ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பு ஒரு பக்கம் இழுக்க, ஒவ்வொரு எட்டிலும் சாய்ந்து சாய்ந்து, ஆனால் ஓட்டம்தான். பாத்திரம் கழுவும் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சிறுமியை ஏமாற்றிவிட்டு, சிமெண்ட் தளத்தில் தாவி ஏறி நின்றுகொண்டு அவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்க்கிறவள். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் கால் சரியில்லை என்று நாம் உட்கார வைத்தவள்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு. கைத்தடியை எடுத்துக்கொண்டு பாய்ந்து போய், அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். பசங்களா, அவங்களப் பிடிக்காதீங்க, அவங்க ஒப்புக்குச் சப்பாணி என்று. நாம் படிக்கட்டில் ஆடிய காலத்து வார்த்தை, யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவளைப் பிடிக்கவும் கூடாது, அவள் அவுட்டும் ஆக மாட்டாள், சும்மா சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன். இடுப்பில் கம்பி வைத்துத் தைத்த ஒருத்தியைக் கையில் தடியை நீட்டிக்கொண்டு சப்பாணி என்று கூவியிருக்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பக்கத்து மேஜையில் ஸ்பூன் சத்தம்கூட நின்றுபோயிற்று.

ஆட்டமும் நின்றது. அந்தப் பல் விழுந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். அப்படியென்றால் இத்தனை நாள் இந்தப் பாட்டி அவுட்டானதெல்லாம் கணக்கில் இல்லையா என்று கேட்டாள். இத்தனை நாளா! அம்மா தளத்திலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தாள். முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒப்புக்குச் சப்பாணிய யாரும் துரத்த மாட்டாங்க, யாரும் பிடிக்கவும் மாட்டாங்க. வீட்ல நான் அப்படித்தானே இருக்கேன். இங்கயாவது என்னை அவுட்டாக விடும்மா."

சொல்லிவிட்டு மண்ணுக்குப் போய்விட்டாள். நான் தடியும் கையுமாக நின்றேன். அடுத்த ஆட்டத்தில் அந்தச் சிறுமி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அம்மாவின் முதுகில் பளாரென்று ஓர் அறை வைத்து அவுட் என்றாள். அம்மா சிரித்தாள் பார். உனக்கும் எனக்கும் அம்மாவாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

உனக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். நம் கும்பலில் நீதானே ஒப்புக்குச் சப்பாணி. பிடிக்கிறவன் மூக்குக்குக் கீழேயே ஓடுவாய், ஒருவரும் தொட மாட்டோம். உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தாய். ஒருநாள் விஷயம் புரிந்துபோயிற்று. பிடிக்கிறவனுடைய கையை நீயே இழுத்து உன் முதுகில் வைத்துக்கொண்டு, அவுட்டு சொல்லு, அவுட்டு சொல்லு என்று அழுதாய். அன்றைக்கு அம்மா சலவைச்சாலையிலிருந்து வந்த களைப்போடு படியேறி வந்துகொண்டிருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இவனையும் பிடிங்க, இல்லன்னா ஆட்டத்துக்குக் கூப்பிடாதீங்க என்று எங்கள் எல்லோரையும் திட்டினாள். நானும் அந்தத் திட்டு வாங்கியவள்தான்.

மீசைக்காரரிடம் விசாரித்தேன். மனுஷர் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கொட்டிவிட்டார். பள்ளிக்கூட லீவு விட்ட நாளிலிருந்து அம்மா தினமும் வருகிறாளாம். நான் வேலைக்குப் போன பிறகு தனியாகப் படியிறங்கி வந்து, முதலில் மனையைச் சுற்றி நடந்தாளாம். அப்புறம் வேகமாக நடந்தாளாம். ஒருநாள் ஆள் குறைகிறது என்று பிள்ளைகள் கூப்பிட்டிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடும் அங்கேதானாம். அப்படியென்றால் நான் விடியற்காலையில் எழுந்து சமைத்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போகிறேனே, அது எங்கே போயிற்று? நம் கட்டடத்துக் காவலாளி கொஞ்ச நாளாகச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் திணறுகிறார். அதுதான் விடை. என் குழம்பில் உப்புக் கம்மி என்று ஒருநாள் சாடையாகச் சொன்னார். இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேனே தவிர, எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினாள். நான்தான் பின்னால் மூச்சு வாங்கினேன். சின்ன வயதில் அவள் தெருவில் அவளைப் பிடிக்க ஆளே கிடையாதாம். பிடிபடாமல் இருக்கச் சலவைச்சாலை மதில்மேல் ஏறிக் குதிப்பாளாம். பிறகு அதே சலவைச்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், அதோடு ஆட்டம் நின்றது. இதெல்லாம் நமக்குத் தெரியுமா? மூட்டை மூட்டையாகத் துணி தேய்த்த அம்மாவைத்தான் நமக்குத் தெரியும்.

உள்ளே போனதும் கேட்டுவிட்டேன். இப்படி ஓட முடிகிறவள், உன்னை முதியோர் இல்லத்தில் விடப்போகிறோம் என்று சொன்னபோது ஏன் உங்க இஷ்டம் என்று தலையாட்டினாய் என்று. அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் அலைஞ்சு திரிஞ்சு முடிவு பண்ணிட்டீங்க. அங்க போனா உக்காந்தேதான் இருக்கணும், தெரியும். லீவு முடியறதுக்குள்ள கொஞ்சம் ஆடிக்கலாம்னு பாத்தேன்."

இதுதான் எனக்கு இடி. அவள் ஓடியதுகூட அவ்வளவு பெரிய இடி இல்லை. லீவு முடிகிற வாரம்தான் அவளைக் கொண்டுபோய் விடுவதாக நாம் பேசி வைத்திருக்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் மணி இருக்கிறது, எங்கே போனாலும் சக்கர நாற்காலி வரும், விழவே விட மாட்டார்கள் என்று நாம் இரண்டு பேரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மிச்சம் இருக்கிற வெயிலுக்குள் ஓடி முடித்துவிடப் பார்த்திருக்கிறாள். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல், நம்மைச் சங்கடப்படுத்தவும் கூடாது என்று.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எலும்பு எப்போதோ சேர்ந்துவிட்டதாம். நடக்கச் சொன்னேனே, ஏன் உட்கார வைத்தீர்கள் என்று எனக்குத் திட்டு. யார் உங்களை ஓடச் சொன்னது என்று அம்மாவுக்கும் திட்டு. மறுபடி விழுந்தால் பழையபடி எழுந்திருப்பது கஷ்டம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதை நான் உன்னிடம் மறைக்கவில்லை. ஓட்டம் வேண்டாம், வேகமாக நடக்கட்டும், படி ஏறி இறங்கட்டும் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் சரி டாக்டர் என்றாள். அவள் சொல்கிற சரிக்கு என்ன பொருள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

தம்பி, அந்த இல்லத்தில் கையெழுத்துப் போட்டவன் நீ. நான் போய்ச் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள், நீதான் பேச வேண்டும். விழுந்தால் யார் பார்ப்பது, பகலெல்லாம் நீ கடையில் இருப்பாயே என்று கேட்பாய். நான் கேட்ட அதே கேள்வி. மீசைக்காரர் ஒரு கண் பார்த்துக்கொள்கிறேன் என்றார். காவலாளியிடம் என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், சாப்பிட்ட விசுவாசத்துக்காவது கூப்பிடுவார். கடையில் மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்துபோக அனுமதி கேட்டிருக்கிறேன். இவ்வளவுதான் என் ஏற்பாடு. போதாது என்று எனக்கே தெரிகிறது. போதாவிட்டாலும் பரவாயில்லை என்று முதல் தடவையாகத் தோன்றுகிறது.

இதை நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உனக்கு எழுதப் போகிறேன் என்றபோது, நான் சௌக்கியம்னு மட்டும் எழுது, அவன் மனசக் கலைக்காத என்றாள். இப்போது அவள் வீட்டில் இல்லை. எங்கே கிளம்பினாய் என்று நான் கேட்கவில்லை. வாசல்வரை போய், பார்த்து இறங்கு என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். பயமாகத்தான் இருக்கிறது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைக் கொடுக்கிறேன்.

குளிரில் நின்று வேலை செய்கிறவன், காதை மூடிக்கொள், சூடாகச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கண்டதும் அந்த இல்லத்துக்குப் போன் போட்டு அம்மா வரவில்லை என்று சொல்லிவிடு. காரணம் கேட்டால், வீட்டுக்கு அவள் வேண்டும் என்று சொல். வீட்டில் யாருக்கு என்று கேட்டால், என் அக்காவுக்கு என்று சொல்லிவிடு.

என்றும் உன் நன்மையையே வேண்டும்,
அக்கா