கட்டைவிரலுக்கு வாசனை வெண்ணெய்

ஜூன் 9, திங்கள்

இன்று ஒன்பது மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்தினேன். அதாவது, ஒன்பது பேருக்கு உலகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருத்தர்கூட காலில் விழவில்லை. கடை முதலாளி மட்டும், "டீ ஆறிப் போச்சு, குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வை" என்றார். மேதைகளின் கதி எல்லாக் காலத்திலும் இதுதான்.

சாயங்காலம் தங்கச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். பதினாலு வருஷமாக ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். போர்வை, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளுக்கும். போன வாரம் வாசலில் கைரேகை மெஷின் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலை வைத்தால் 'நன்றி' என்று சொல்ல வேண்டும். இவளுக்கு மட்டும் 'மறுபடி முயற்சி செய்யவும்' என்கிறதாம். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. பிளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி ரேகையே இல்லை, வெடிப்புதான் இருக்கிறது.

"இந்த மாசம் முழுக்க நோட்டுல கையெழுத்துப் போடலாமாம். ஒண்ணாந்தேதியிலேர்ந்து நோட்டு கிடையாது. மெஷினுக்குத் தெரியாதவங்க வேலைக்கு வராதவங்கன்னு கணக்காம்" என்றாள்.

பதினாலு வருஷம் போனவள், ஒண்ணாம் தேதி முதல் போகாதவள். என்ன நியாயம் இது?

எழுந்து நின்று சபதம் செய்தேன்: "இன்னும் மூணு வாரத்துல உன் கை ரோஜா இதழைவிட மென்மையா ஆகலைன்னா, என் மீசையை எடுத்துடுறேன்!"

"உனக்கு மீசை எங்க இருக்கு?" என்றாள். அது வேறு விஷயம்.

ஜூன் 10, செவ்வாய்

கடை விடுமுறை. விஞ்ஞானத்துக்கு வேலை நாள்.

தங்கச்சி மகள் கேக் கடையில் க்ரீம் பூ வைக்கிறவள். வீட்டில் அவளுக்கு 'ஐசிங்' என்று பெயர் வைத்தது அடியேன்தான். அவள்தான் போனில் காட்டினாள்: பாடி பட்டர், அதாவது தோலுக்குப் பூசுகிற வெண்ணெய். ஷியா பட்டர், கோகோ பட்டர், தேங்காயெண்ணெய், பாதாம் எண்ணெய். உருக்கி, ஆறவைத்து, அடித்து, வாசனை சேர்த்தால் முடிந்தது. முழுசாகப் படித்துவிட்டுச் செய்யுங்கள் மாமா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

முழுசாகப் படிப்பது சாதாரண மனிதர்களின் வழக்கம்.

எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு நேராக அடுப்பில் வைத்தேன். தளதளவென்று கொதிக்கும்போது லாவெண்டர் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஆஹா! வாசனை எழுந்தது, நின்றது, ஜன்னலைப் பார்த்தது, வெளியே போய்விட்டது. தெரு முழுக்க மணத்தது. பஸ்ஸில் போனவர்கள் ஸ்டாப் வராமலே இறங்கியிருப்பார்கள். மாடிவீட்டுக்காரர் வந்து, "வீட்ல ஏதும் கல்யாணமா?" என்று கேட்டார். ஐம்பத்தாறு வயதில் கல்யாணமாகாமல் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா?

சட்டியில் மட்டும் வாசனை துளியும் இல்லை.

ஜூன் 11, புதன்

பட்டர் கல்லாகிவிட்டது. குத்திப் பார்த்ததில் கரண்டி வளைந்தது. பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன், காற்றுக்கு அசையவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இரண்டாம் போர். இன்று ஐசிங்தான் தளபதி. கொதிக்கிற தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து மெதுவாக உருக்கினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே தெறித்தாலும் பூசணம் பிடிக்கும் என்று என்னை மூன்றடி தள்ளி நிறுத்தினாள். பிறகு ஃப்ரிட்ஜ். ஓரம் வெள்ளையாகி நடு இன்னும் நெகிழ்ந்திருக்கும்போது எடுத்து, க்ரீம் அடிக்கிற பீட்டரை என் கையில் கொடுத்தாள்.

"மாமா, கையை ஓட்டுங்க. வாயை இல்ல."

பத்து நிமிஷம் அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மேகம்! கிண்ணத்துக்குள் ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. கடைசியில் வாசனை. "லாவெண்டர் எட்டுச் சொட்டு போதும்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

எட்டு! என்ன கஞ்சத்தனம்! ராஜாங்கத்துக்கு ஏற்ற வாசனை வேண்டாமா? லாவெண்டர் வாங்கின கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த லவங்கப்பட்டை எண்ணெய் பாட்டில் பையிலேயே இருந்தது. அதைக் கொஞ்சம்... கொஞ்சம் என்றால், என் கொஞ்சம்.

தங்கச்சி மோந்து பார்த்து, "அட, நல்லாத்தான் இருக்கு" என்றாள். பதினாலு வருஷத்தில் அவளுக்கு நான் செய்த முதல் உருப்படியான காரியம்.

ஜூன் 14, சனி

எரிந்திருக்கிறது. நேற்றே எரிந்திருக்கிறது. புது மருந்து அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். காலையில் பார்த்தால் விரல் எல்லாம் செக்கச்செவேல். வெடிப்பில் பட்டை எண்ணெய் இறங்கியிருக்கு. அந்தக் கையோட வேலைக்கும் போயிட்டா.

ஐசிங் பாட்டிலைக் கண்டுபிடித்தாள். "இது என்ன மாமா?"

பாட்டிலை வாங்கிக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தோல் உரிகிறது. முன்னால் இருந்ததைவிட மோசம். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "சாப்பிட வா" என்றாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாவது முறை. உருக்கினோம், ஆற வைத்தோம், அடித்தோம். வாசனை கிடையாது. எந்தப் பாட்டிலும் கண்ணில் படக்கூடாது என்று நானே அலமாரியைப் பூட்டிச் சாவியை ஐசிங்கிடம் கொடுத்தேன்.

தங்கச்சி டப்பாவைத் திறந்து மோந்தாள். முகம் வாடிப்போனது.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"உனக்கு எரியக் கூடாதுன்னுதாம்மா."

"அண்ணே, எட்டு மணி நேரம் பிளீச்சிங் நாத்தத்துல நிக்கிறேன். பஸ்ல என் பக்கத்துல உக்கார்றவங்க எழுந்து வேற சீட்டுக்குப் போறாங்க. மெஷினுக்காக விரல் மெத்துனு ஆகட்டும். எனக்காகக் கொஞ்சம் மணக்கட்டுமே."

பதினாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐசிங் சாவியை எடுத்தாள். இரண்டு டப்பா. வாசனை இல்லாதது விரலுக்கு. லாவெண்டர் போட்டது கழுத்துக்கும் முழங்கைக்கும். எட்டுச் சொட்டு. எண்ணியது நான் இல்லை.

சாயங்காலம் கை கழுவித் துடைத்ததும் பூசி, மேலே பருத்தி உறை. வேலையிலும் ரப்பர் உறைக்குள்ளே பருத்தி உறை. இதுவும் ஐசிங் யோசனை. இந்த வீட்டில் மூளை ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்திருக்கிறது.

ஜூன் 18, புதன்

என் மூளையும் முழுசாகச் செத்துவிடவில்லை. மெஷின் கண்ணாடியில்தானே விரலை வைக்கச் சொல்கிறது? கண்ணாடி என் சாம்ராஜ்யம். கடையிலிருந்து ஒரு கழித்த லென்ஸ் கொண்டுவந்தேன். தங்கச்சி கட்டைவிரலை அழுத்தினாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

முப்பது வருஷமாக லென்ஸில் எவன் கைரேகை வைத்தாலும் கொலைவெறியோடு துடைக்கிறவன் நான். இன்று ஒரு ரேகை தெரியாதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுகிறேன்.

மங்கலாக ஒரு திட்டு. அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

மூன்று கோடு! இடது ஓரத்தில், பிறை மாதிரி. வெற்றி முரசு கொட்டினேன் (சாப்பாட்டுத் தட்டில்). "தட்டு நெளியுது" என்றாள் தங்கச்சி. சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 21, சனி

ஆராய்ச்சிக்காக நானும் கையில் கொஞ்சம் பூசிக்கொண்டு கடைக்குப் போனேன். என் கை அழகு தாங்காமல் ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. அதன் பின்னால் ஒரு ரிடயர்டு ஹெட்மாஸ்டரின் கண்ணாடி பறந்து, மேஜையைத் தாண்டி, அவர் மடியிலேயே போய் இறங்கியது. உடையவில்லை. "டெலிவரி வேகமா இருக்கே" என்றார். முதலாளி என்னை சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைத்தார், இரண்டு தடவை.

ஜூன் 24, செவ்வாய்

பதினொரு கோடு. வெடிப்புகள் மூடிக்கொண்டு வருகின்றன. சலவைப் பிரிவு சூப்பர்வைசர் நாளைக்குப் புதிதாகக் கைரேகை பதிந்து பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாராம்.

நாளை! ஊரே, உறங்காதே!

ஜூன் 25, புதன்

நான் ஒரு கழுதை. கழுதை வந்து மானநஷ்ட வழக்குப் போட்டால் அதுவும் நியாயம்.

காலையில் அவள் கிளம்பும்போது வழிமறித்து, "இன்னொரு கை பூசிக்கோ, கடைசி நேரத்துல மெத்துனு இருக்கட்டும்" என்று நானே அள்ளி அப்பினேன். விரலுக்கு மட்டும் அரை டப்பா. அவள் போய்க் கட்டைவிரலை வைத்திருக்கிறாள். மெஷின் கண்ணாடி முழுக்க வெண்ணெய். அவளுக்கும் பதியலை, அவளுக்குப் பின்னாடி நின்ன ஏழு பேருக்கும் பதியலை. சூப்பர்வைசர் கத்தியிருக்கிறார்: "இது மெஷினா, ரொட்டியா?"

எண்ணெய் விரலை வைத்தால் லென்ஸில் ரேகை விழாது, ஈஷிக்கொண்டு போகும். இது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டாமா? முப்பது வருஷம்! முப்பது வருஷம் என்னத்தைத் துடைச்சேன்?

இந்த மாசம் இனிப் பதிய முடியாதாம். ஒண்ணாந்தேதி காலையில், ஏழு மணி ஷிஃப்டுக்கு முன்னால், ஒரே ஒரு தடவை. அதிலும் பதியவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அண்ணே, உன் பாசம் கொஞ்சம் கம்மியா இருந்தாத் தேவலை."

ஜூன் 27, வெள்ளி

புது அரசாணை. சாயங்காலம் பூசுவாள். காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துடைத்து, ஒன்றுமே பூசாமல் போவாள். நான் சமையலறைக்குள் நுழையத் தடை. பார்க்கலாம், தொடக் கூடாது, பேசக் கூடாது. பேசாமல் இருப்பதில் நான் உலக சாதனை படைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது நிமிஷம் ஆகிறது.

ஜூன் 29, ஞாயிறு

லென்ஸ். கோடுகளை எண்ண முடியவில்லை. எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன! நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றிச் சுற்றி வரி. குறுக்கே மட்டும் ஒரு வெடிப்பு, வயலுக்கு நடுவே யாரோ நடந்து போன தடம் மாதிரி. அந்தத் தடத்தை மெஷின் மன்னிக்குமா?

தங்கச்சியையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுவா நான்?" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வாசல் வரைக்கும்? வேண்டாம். வாசலுக்கு எதிர்ப்புறம்? பெருமூச்சு விட்டாள். அது சம்மதம்தான்.

"பதியலைன்னா உள்ள நிக்க விட மாட்டாங்க. நேரா வெளிய வந்துடுவேன். ஏழே காலுக்குள்ள தெரிஞ்சிடும்" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

காலை ஆறு நாற்பதுக்கு பஸ். தங்கச்சி ஜன்னலோரம், பக்கத்து சீட்டில் நான். லேசாக லாவெண்டர். நான் வாயே திறக்கவில்லை. அவளே, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியின் பின்வாசல். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் எதிரே விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். ஆறு ஐம்பத்தெட்டு. ஏழு. சலவைப் பிரிவு ஆட்கள் வரிசையாக உள்ளே போனார்கள். ஏழு மூன்று. யாரோ ஒரு பெண் வெளியே வந்தாள். என் இதயம் நின்றது, எண்ணிச் சொல்கிறேன், பதினேழு நாள் நின்றது. வேறு யாரோ. டீ வாங்க வந்தவள்.

ஏழு எட்டு. வாட்ச்மேன் வந்தார்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

"யாரையும் பார்த்துடக் கூடாதுன்னுதான் நிக்கிறேன்."

மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனிதர், துரத்தவில்லை. தன் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் உட்காரவில்லை.

ஏழு பன்னிரண்டு. ஏழு பதினான்கு. உள்ளே எங்கோ துவைக்கிற மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. தரை லேசாக அதிர்ந்தது.

ஏழே கால்.

ஏழு இருபது வரைக்கும் நின்றேன், எதற்கும் இருக்கட்டும் என்று. யாரும் வரவில்லை.

என் ஐம்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைக் காக்க வைத்து வராமலே இருந்திருக்கிறார்கள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் ஏமாற்றியதில்லை.