படத்தில் இல்லாத மகளுக்கு

காஞ்சிபுரம்,
2.6.2025, திங்கட்கிழமை.

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் உடம்பளவில் நலம். கோயம்புத்தூரில் விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, வேலை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விடுகிறது. அதனால்தான் முனைக்கடையில் காகிதம் வாங்கி வந்து எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. விக்னேஷுக்கு ஐயம்பேட்டையில் ஒரு பெண் அமைந்து வருகிறது. பெயர் பொன்னி. பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். உன் எல்லம்மாள் அத்தை கொண்டுவந்த இடம். தம்பி நேரில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கிற நேரம் கூடியிருக்கிறது.

நீ சொல்லிக் கொடுத்தபடி போனை நன்றாகவே பழகிவிட்டேன். சேலையைப் படம் எடுக்கும் முன் முந்தானையால் கேமராக் கண்ணைத் துடைக்கிறேன். காலை எட்டு மணி வெளிச்சத்தில் வாசலில் வைத்துத்தான் எடுக்கிறேன். டியூப் லைட்டில் எடுப்பதே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டும் கோட்டைத் தொடாதே என்று நீ சொல்லியும் ஒருமுறை தொட்டேன். அரக்குச் சேலை தக்காளி நிறத்தில் தெரிந்து, வாங்கிய அம்மா "நான் கேட்டது இது இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது ஓரத்தில் தெரிகிற பிளாஸ்டிக் பக்கெட்டை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை அப்படியே அனுப்புகிறேன்.

போனுக்குள்ளிருந்து, பேசினால் பதில் சொல்லும் அந்தப் பெண்ணோடுதான் தினமும் மல்லுக்கட்டு. "மாத்திரை போடணும், ஞாபகப்படுத்துமா" என்று நம் பேச்சில் சொன்னால் அவளுக்குப் புரிவதில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி, "காலை எட்டு மணிக்கு, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட, நினைவூட்டு" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் ஏற்றுக்கொள்கிறாள். கண்ணாடி போடாமல் எனக்குப் படிக்க வராது என்று, நேரம் வந்தால் வாய்விட்டே சொல்லும்படி நீ அமைத்துக் கொடுத்தது பெரிய உபகாரம். தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொள்கிறேன். உன் கோர்ட்டு கேஸ் தேதிகளையும் அவளிடமே சொல்லி வைத்திருக்கிறேன். முந்தின நாளே சொல்லிவிடுவாள்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

போன பொங்கலன்று நம் வாசலில் நாலு பேரும் நின்றோமே, எதிர் வீட்டு ஷாஸியா என் போனில் எடுத்துத் தந்த படம். பெண் வீட்டார் ஜாதகத்தோடு குடும்பப் படமும் கேட்டார்கள். அத்தை அவர்களுக்கு அனுப்பிய அந்தப் படம் வியாழக்கிழமை என் போனுக்கும் வந்தது. அதில் மூன்று பேர்தான் இருக்கிறோம். நீ நின்ற இடத்தில் சுவர் இருக்கிறது. வெள்ளையடித்த சுவர், வழவழவென்று, ஒரு கறைகூட இல்லாமல். ஆனால் என் இடது தோளில் நான்கு விரல்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கை இல்லை, ஆள் இல்லை.

என் போனில் இருந்த படத்தைத் திறந்து பார்த்தேன். அதிலும் நீ இல்லை. விக்னேஷ் என் போனிலேயே அழித்து, அப்படியே சேமித்திருக்கிறான். கேட்டால், "அத்தை சொல்லிச்சுமா. கல்யாணம் முடியற வரைக்கும்தான். அக்காவே ஒண்ணும் சொல்லாது" என்கிறான். உன் அப்பாவிடம் போனேன். "புருஷனை வுட்டு வந்த பொண்ணு ஒண்ணு வீட்ல இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? சும்மா இரு" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அந்தப் பொங்கல் படத்துக்கு வேறு பிரதி நம்மிடம் இல்லை. தறியை அப்படியே விட்டுவிட்டு ஷாஸியாவின் வீட்டுக்காரர் ஹயாத் பாஷாவின் போட்டோக் கடைக்கு நடந்தேன். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கக்கா. அழிச்சது மேலதான். அசல் அடியில அப்படியே இருக்குது" என்றார். படத்தைத் திறந்து எடிட்டை அமுக்கினார். ரிவர்ட் என்று, பழையபடி ஆக்குகிற பொத்தான் ஒன்று வந்தது, அதைத் தொட்டார். நீ வந்து நின்றாய். பச்சைச் சேலை, கலைந்த முடி, கையோடு, முகத்தோடு. கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். பெரிய அளவில் பிரிண்ட் போடச் சொல்லி வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறேன். இந்த ரிவர்ட் வித்தையை நீ எனக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது நான் உனக்குச் சொல்கிறேன், தெரிந்துகொள்.

பக்கெட்டை வெட்டலாம் கீர்த்தி. பெற்ற பெண்ணை வெட்ட என்னால் ஆகாது.

வருகிற பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்லப் போகிறேன். சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் காரணம் எழுது. "தம்பிக்காக" என்று மட்டும் எழுதாதே, அதை ஏற்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காமாட்சி உன் பக்கம் நிற்பாள். நிற்காவிட்டால் அவளிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
சங்கரி.


காஞ்சிபுரம்,
23.6.2025, திங்கட்கிழமை.

என் கண்ணு கீர்த்திக்கு,

உன் பதில் பதின்மூன்றாம் தேதியே கிடைத்தது. இரண்டே வரி. "விட்டுவிடு அம்மா. தம்பிக்கு நல்லபடியாக முடியட்டும்." எதை எழுதாதே என்றேனோ அதையே எழுதியிருந்தாய். கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு வரி என் உறுதியையும் கொஞ்சம் தளர்த்திவிட்டது. அவளே வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஏழு பேர் வந்தார்கள். பொன்னியின் அம்மா செல்லியம்மாள் நல்ல மனுஷி. வந்ததும் தறியருகே போய் நெய்துகொண்டிருந்த சேலையைத் தொட்டுப் பார்த்து, "கரை எடுப்பா இருக்குதுங்க" என்றார். அத்தைதான் எல்லாப் பேச்சும் பேசினார். பேச்சுவாக்கில் செல்லியம்மாள், "பொம்பளப் புள்ள இல்லீங்களா?" என்று கேட்டார். அத்தை கொஞ்சமும் தயங்காமல், "ஒரே புள்ளைங்க, தங்கமான புள்ள" என்றார். நான் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. உனக்கு அப்படிக் கடிதம் எழுதிய நான்தான், கோழை மாதிரி நின்றேன்.

சரியாகப் பதினொரு மணிக்குத் தறி மேடையில் இருந்த போன் பேசியது. செய்தி வாசிக்கிற அதே குரல். "நினைவூட்டல். நாளை கீர்த்திக்கு கோர்ட். கீர்த்திக்கு போன் பண்ண வேண்டும்." எல்லோரும் திரும்பினார்கள். விக்னேஷ் ஓடிப்போய் எதையோ அமுக்கினான். பதற்றத்தில் எதை அமுக்கினானோ, அவள் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.

"யாருங்க கீர்த்தி?" என்று செல்லியம்மாள் கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க. பாவம், ஏதோ கேஸு. இவங்ககிட்ட சொல்லி வெச்சிக்கினு இருக்குது" என்றார் அத்தை.

பக்கத்து வீட்டுப் பெண் என்றதும் எனக்கு பயம் போன இடம் தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தேன். "என் பொண்ணுங்க. தலைச்சன் பொண்ணு. கோயம்புத்தூர்ல வேலைல இருக்குது" என்றேன். பீரோவைத் திறந்து படத்தை எடுத்து வந்து செல்லியம்மாள் மடியில் வைத்தேன். உன் அப்பா "சங்கரி" என்று பல்லைக் கடித்தார். நான் நிறுத்தவில்லை.

"கட்டிக் குடுத்த எடத்துல அடிச்சான். மூணு தடவை எங்க வீட்டுக்கு வந்தா. மூணு தடவையும் அனுசரிச்சிப் போன்னு சொல்லி நான்தான் பஸ் ஏத்தி அனுப்பினேன். நாலாவது தடவை அவ இங்க வரல, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா. அவ செஞ்சதுதான் சரி. நான் செஞ்சதுதான் தப்பு" என்றேன்.

அத்தனை பேர் முன்னால் இதைச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, உன்னிடம் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை என்று.

வந்தவர்கள் பாதிக் காபியோடு எழுந்துவிட்டார்கள். "வீட்ல பேசிட்டு சொல்றோங்க" என்று பொன்னியின் அப்பா சொன்னார். செல்லியம்மாள் போகும்போது படத்தை என் கையில் தராமல், நாற்காலியில் மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான்கு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவுக்கு அன்று மத்தியானத்திலிருந்து அத்தை வீட்டில்தான் சாப்பாடு. மறுநாள் உன்னோடு போனில் பேசியபோது இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. கோர்ட்டு வாசலில் நிற்கிறவளுக்கு இது எதற்கு என்று இருந்துவிட்டேன். கேஸைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று நீ சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்த விக்னேஷ், சட்டையைக்கூட மாற்றாமல் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "வெரலு தெரியறத நானும் பாத்தேம்மா. பாத்துட்டுதான் அத்தைக்கு அனுப்பினேன்" என்றான். நான் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சோறு போட்டேன்.

வியாழக்கிழமை பொன்னியின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. உன் அப்பாவும் வீட்டில் இருந்தார், ஸ்பீக்கரில் போட்டார். பெண் தரச் சம்மதமாம். பெரிய பெண்ணும் கல்யாணத்துக்கு வரலாமாம், யாரும் தடுக்கவில்லையாம். ஆனால் தாலியில் மாப்பிள்ளை போடும் முதல் முடிச்சுக்குப் பிறகு மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவாள் அல்லவா, அதை மட்டும் வாழ்கிற பெண் யாராவது போடட்டுமாம். உன் அப்பா முகம் மலர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் தெரியாது என்பதைக்கூட மறந்து.

நான் தறியை விட்டு எழாமலே சொன்னேன். "அப்போ இந்தக் கல்யாணம் வேணாங்க. எம்பொண்ணும் வாழ்ற பொண்ணுதான்."

உன் அப்பா போனுக்குக் கை நீட்டினார். அதற்குள் விக்னேஷ் போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தான். பெண்ணை விட்டுவிடப் பயந்து என்னை மீறிப் பேசப் போகிறான் என்றுதான் நினைத்தேன். "மாமா, எங்க அக்கா முடிச்சு போடறதுன்னா நான் தாலி கட்றேன். இல்லீன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்றான். நிறுத்தாமல் முழுதாகச் சொன்னான். அவனுக்குப் பொன்னியை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அத்தை வந்தார். "என் தம்பி குடும்பத்தைக் கெடுத்துட்டியே" என்று ஆரம்பித்தார். முப்பது வருடத்தில் அவருக்கு எதிரே நான் பதில் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "அண்ணி, உங்க வீட்டுப் போட்டோவுல யாரை அழிக்கணும்னு சொல்லுங்க. நான் இப்போ நல்லா கத்துக்கினேன், ஒரு நிமிஷத்துல அழிச்சித் தரேன்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை. வந்தால் காபி கொடுப்பேன், படத்தையும் காட்டுவேன்.

நேற்று காலை செல்லியம்மாள் போன் செய்தார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு எத்தினி நாள் முன்னாடி வருங்க? பொன்னி, அண்ணி நம்பரு குடுங்கன்னு கேட்டுக்கினே இருக்குது" என்றார். நான் உன் நம்பரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். அவ்வளவுதான் பேச்சு. முதலில் பேசி வைத்தபடி ஆவணியில்தான் முகூர்த்தம்.

உன் அப்பா நேற்று இரண்டு வேளையும் வீட்டில் சாப்பிட்டார். கூடத்தில் நான் மாட்டியிருக்கும் நம் நாலு பேர் படத்தை நின்று பார்த்தார். "கோணலா இருக்குது பார்" என்று ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்து நேராக மாட்டினார்.

உன் அடுத்த வாய்தாவுக்கு நான் வருகிறேன். தனியாகப் போய் நிற்காதே. வேண்டாம் என்று நீ எழுதினாலும் வருவேன். தேதியைப் போனில் சொல்லி வைத்தாயிற்று.

கல்யாணத்துக்கு உனக்குச் சேலை நம் தறியில்தான், நானே நெய்கிறேன். பட்டை இந்த வாரமே சாயத்துக்குக் கொடுத்தால்தான் சரியாக இருக்கும். என்ன நிறம் என்று உடனே எழுது. வெளிர் நிறம், சாம்பல் நிறம், கண்ணில் படாத நிறம் என்று எழுதினால் கடிதமே வரவில்லை என்று வைத்துக்கொள்வேன். நீ மேடையில் நிற்கிறது மண்டபத்துக் கடைசி நாற்காலிக்கும் தெரிய வேண்டும்.

நன்றாக இரு என் தங்கமே. யாருக்கும் விளக்கம் சொல்லாமல் நன்றாக இரு.

உன்னைப் பெற்றவள்,
சங்கரி.