எதிர்க் கதவுச் செருப்பு

மே 3, வெள்ளி

இன்றும் திரைச்சீலை அசையவில்லை. மூன்றாம் மாடி. கூப்பிடு தூரத்தில் சிலாபத்துக் கடல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். "மாடியில நல்லாக் காத்து வரும் உம்மா" என்று சொல்லித்தான் மகள் றிஸ்மினா எங்கள் இருவரையும் சொந்த ஊர் எத்தாளையிலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து வைத்தாள். வந்த சூட்டோடு அவர் மௌத்தாகிவிட்டார். புருஷனை அடக்கிவிட்டு, நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல் நான் இத்தாவில் இருக்கிறேன். காற்றும் இத்தா இருக்கிறதாக்கும்.

மே 11, சனி

சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். புகை ஜன்னல்வரை போய், மனமில்லாமல் திரும்பி வந்து என் தலைக்கு மேலேயே நின்றது.

அவர் இருந்தபோது அஸர் தொழுதுவிட்டு வாசற்கதவை அகலத் திறந்து வைத்துக் கதிரையில் சாய்ந்திருப்பார். "காத்துக்கு வர ஒரு வழி, போக ஒரு வழி வேணும் புள்ள. நமக்கு ஒரு பக்கந்தானே ஜன்னல். எதிர்ல கடல் பக்கத்து வீட்டாக்களும் கதவைத் தொறந்து வெச்சா, காத்து நேரா நம்மட குசினி அடுப்படிக்கே வரும்" என்பார். அவர்கள் திறந்ததே இல்லை.

இப்போது நானும் திறப்பதில்லை. எதிர்க் கதவின் முன்னால் ஒரு சோடி ஆம்பிளைச் செருப்பு கிடக்கிறது. கறுப்பு, பெரிய கால். இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணின் கண்ணில் படலாமா?

மே 19, ஞாயிறு

குளியலறை ஜன்னலுக்கு வெளியே எல்லா மாடிக்கும் பொதுவாக ஒரு கூண்டு. கெட்ட காற்று மேலே போவதற்கென்று கட்டினார்களாம். பிறகு மழை விழுகிறதென்று கூரையில் தகரம் போட்டு அதை மூடிவிட்டார்களாம். என்ன புத்தியோ! கீழ்வீட்டுக் கறி வாசமெல்லாம் எனக்குத்தான். இன்று கருவாடு. நேற்றுப் பருப்பு, கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. என்ன சமைக்கிறார்கள் என்று தெரிகிறது. ஒருவருடைய முகமும் தெரியாது.

மே 26, ஞாயிறு

றிஸ்மினா புத்தளத்திலிருந்து போன் எடுத்தாள். "இத்தா முடிஞ்ச கையோட அந்த வீட்டக் குடுத்திட்டு எங்களோட வந்து இருங்க உம்மா. அங்க மூச்சு முட்டிச் சாகவா?"

சொல்வது சரிதான். ஆனால் அவரை அடக்கியது இந்த ஊரில். விட்டுவிட்டுப் போகவா? இல்லை, இந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கவா? யாரிடம் கேட்பது?

ஜூன் 8, சனி

கட்டடக் காவலாளி கதவுக் கைப்பிடியில் காலைச் சாப்பாட்டுப் பாண் பையைக் கொளுவிவிட்டுப் போனபின், கதவை ஒரு சாண் நீக்கி எடுத்தேன். எதிர்ச் செருப்பு அதே இடத்தில், மேலே தூசு. அந்த மனுசன் வெளியே போவதே இல்லையா? அவருக்குமா இத்தா?

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். மகள் வந்துபோனாள். இனிப்புக்கென்று அவள் கொண்டுவந்த வட்டிலப்பம் ஃபிரிட்ஜில் முழுசாக இருக்கிறது. ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும்?

ஜூன் 22, சனி

பகல் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றதும் அறை அவியத் தொடங்கியது. லுஹர் தொழுது முடிப்பதற்குள் முக்காடு தொப்பலாகிவிட்டது. நெஞ்சை அடைத்தது. வாறது வரட்டும் என்று முகத்தை மூடிக்கொண்டு கதவைத் திறந்தேன். எல்லா வீட்டிலும் கரண்ட் இல்லையா என்று பார்க்க அந்த நேரம் எதிர்க் கதவும் திறந்தது.

யா அல்லாஹ், அந்தக் காற்று! திரைச்சீலை ஜன்னலுக்கு வெளியே பறந்தது. கலண்டர் சுவரிலிருந்து விழுந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அங்க ஆம்பிளையாக்கள் நிக்கிறாங்களா?"

"இல்ல அக்கா, நான் மட்டுந்தான்." பெண் குரல்.

"அப்ப இந்தச் செருப்பு?"

அவள் சிரித்தாள். "அது கள்ளனுக்கு அக்கா. தனியா இருக்கிறன் எண்டு தெரியக்கூடாதெண்டு சந்தையில வாங்கி வெச்சன். ஒருத்தரும் காலில போடல்ல."

பெயர் அனஸ்தாசியா. என் வயதுதான் இருக்கும். மகன் இத்தாலியில். "உங்கட கதவு கொஞ்ச மாசமாப் பூட்டியே கிடக்க, என்னைப் பிடிக்கல்லையாக்கும் எண்டு நெனைச்சன்" என்றாள்.

வெறும் செருப்பு! அதற்குப் பயந்து இத்தனை நாளாக வெந்து கிடந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். கரண்ட் வந்த பிறகும் நாங்கள் இருவரும் கதவைச் சாத்தவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

வட்டிலப்பத்தில் பாதி எதிர்வீட்டுக்குப் போனது. கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வரவில்லை. இறால் கறி.

ஜூலை 14, ஞாயிறு

இத்தா முடிந்து முதன்முதலாகக் கீழே இறங்கிக் கடற்கரைவரை நடந்துவிட்டு வந்தேன். அனஸ்தாசியாவும் கூட வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் றிஸ்மினாவின் போன்.

"என்ன உம்மா ஒரே இரைச்சல்? கடற்கரையிலயா நிக்கிறீங்க?"

"வீட்டுலதான் மகள். காத்து."

"வீடு பார்க்க நாளைக்கு ஒரு ஆள் வருவாரு."

"வரவேணாம் எண்டு சொல்லு."

போனை வைத்துவிட்டுக் கதவடிக்குப் போனேன்.

சோளகக் காற்று மூர்க்கமாக அடிக்கிறது. விட்டால் கதவுகளைப் படாரென்று சாத்திவிடும். அதனால் அந்தக் கறுப்புச் செருப்பில் ஒன்றை அனஸ்தாசியா தன் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். மற்றது என் கதவுக்குக் கீழே.