அணைச் சங்கை மீண்டும் ஒலிக்கச் செய்யக் கோரி

அனுப்புநர்
கடைசி வீட்டுக் குடித்தனக்காரர்
(வீட்டிலிருந்தே பணிபுரியும் புகார்ப் பிரிவு ஊழியர்),
ஆற்றோரத் தெரு.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
அணை பராமரிப்புக் கோட்டம்,
மேட்டுச் சாலை.

பொருள்: மதகு திறக்கும் முன் ஊதப்படும் அபாயச் சங்கு நிறுத்தப்பட்டது – பள்ளி வேன் தரைப்பாலத்தைக் கடப்பதில் பிள்ளைகளுக்கு உயிராபத்து – சங்கை உடனே இயக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. புதுக் குடியிருப்போர் குழு தங்களுக்கு அளித்த மனு. 2. அம்மனுவை ஏற்றுத் தாங்கள் பிறப்பித்த உத்தரவு. 3. இணையதளம் வழியாக நான் அனுப்பிய புகார்களும், அவை தீர்க்கப்பட்டுவிட்டதாக வந்த பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைத் துப்புகிறது, குளிர்சாதனப் பெட்டி குளிரவில்லை என்று வரும் புகார்களுக்கு நாள் முழுவதும் பதில் எழுதுவது என் பிழைப்பு. அந்த வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. புகார் எழுதுவதுதான் புதிது. இம்மனுவைப் படிப்பவர் எந்த இடத்தில் கொட்டாவி விடுவார் என்பது எனக்குத் தெரியுமாதலால், அப்படிப்பட்ட இடங்களை இயன்றவரை தவிர்த்திருக்கிறேன். எங்கேனும் வந்துவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. நானும் என் கணவரும் எங்கள் ஒரே மகளும் பெருநகரத்திலிருந்து இவ்வூருக்குக் குடிவந்தவர்கள். அங்கே எங்கள் வீட்டில் சமையல் மேடைதான் கணவரின் அலுவலகம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குழாயைத் திறக்கக் கூடாது. மகள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இந்த நிலையில்தான், "வேலை உங்கள் கையில், வீடு எங்கள் ஊரில்" என்று இவ்வூர் நிர்வாகம் வெளியிட்ட விளம்பரம் கண்ணில் பட்டது. நகரத்தில் ஓர் அறைக்குக் கொடுத்த வாடகைக்கு இங்கே மாடியோடு முழு வீடு, தடையில்லாத இணையம், சன்னலைத் திறந்தால் ஆறு. ஆற்றோரத் தெருவில் மட்டும் ஏன் இத்தனை வீடுகள் காலியாக இருக்கின்றன என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டைக் காட்டிய தரகரும் சொல்லவில்லை. கடைசி வீட்டுக்குத்தான் வாடகை எல்லாவற்றிலும் குறைவு என்றார், எங்களுக்கு வாயெல்லாம் பல்.

3. குடிவந்த புதிதில் ஒரு நாள் காலை அணைச் சங்கு ஊதியது. நான் காதில் ஹெட்செட்டோடு இருந்தேன், அதையும் மீறிக் கேட்டது. கையிலிருந்த தேநீர் முழுவதும் விசைப்பலகையில் கொட்டிவிட்டது. வாசலுக்கு ஓடினேன். தெருவில் யாருக்கும் எந்தப் பதற்றமும் இல்லை. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அலசிப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே கரையேறினார்கள். அவ்வளவு அவகாசம் தரும் சங்கு அது. பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதம்மா. அது கத்துனா நமக்கு ஒண்ணும் ஆகாது. கத்தாம இருந்தாத்தான் பயப்படணும்." அன்றைக்கு நானும் சிரித்தேன்.

4. எங்களைப் போல் வந்து குடியேறியவர்கள் சேர்ந்து அமைத்ததே பார்வை ஒன்றில் கண்ட குழு. அதன் செயலாளர் என் கணவர். அலுவலகக் கூட்டங்களுக்கு நடுவே சங்கு ஊதுவது அனைவருக்கும் பெரிய தலைவலியாக இருந்தது உண்மை. இணையத்தில் கணக்குப் பாடம் எடுப்பவரின் மாணவர்கள் சங்கைப் போலவே ஊதிக் காட்டிக் கேலி செய்தார்கள். என் கணவரின் மேலாளர், "பக்கத்துல ஜெயில் ஏதும் இருக்கா?" என்று கேட்க, கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு அவர் மனதில் தைத்துவிட்டது. சங்குக்குப் பதிலாகக் கைப்பேசியில் எச்சரிக்கைத் தகவல் அனுப்பலாமே என்று அழகான மனு ஒன்று எழுதி, வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கினார். எங்கள் வீட்டுக் கையெழுத்து அவருடையது. அரசு அலுவலகம் ஒன்று இத்தனை சுறுசுறுப்பாக ஒரு மனுவை ஏற்றுக்கொண்டதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. மறு வாரமே சங்கு நின்று, தெருவாசிகளின் கைப்பேசிக்குத் தகவல் வரத் தொடங்கியது. குழுவினர் தங்களுக்கு நன்றி தெரிவித்துச் செய்தி அனுப்பியதும் நினைவிருக்கலாம்.

5. அதன் பிறகு தெருவில் நடந்தவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பழைய குடித்தனக்காரர்கள் எங்களிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். முதலில் ஆற்றில் துவைப்பதை நிறுத்தினார்கள். பிறகு கட்டில், பீரோ, அரிசி மூட்டை என்று ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு அக்கா இப்போது மாடியில்தான் சமைக்கிறார். கீழ் அறை கூட்டித் துடைத்த தரையோடு வெறுமையாகக் கிடக்கிறது. தேநீர்க் கடைக்காரர் கடையைப் பெயர்த்துக்கொண்டுபோய் மேட்டுச் சாலையில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க வியாபாரம் நல்லா இருக்கும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அங்கே ஆள் நடமாட்டமே கிடையாது. இன்னும் காலியாக இருக்கும் வீடுகளுக்கு, ஆறு தெரியும் வீடு என்று மறுபடியும் விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது.

6. என் மகளின் பள்ளி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. போக வர இருப்பது ஒரே தரைப்பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது, ஆறு சற்றுப் பெருகினாலும் மூழ்கிவிடும். சுற்றுப்பாதை இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். அது சென்ற மழையில் சரிந்துபோய், "பணி நடைபெறுகிறது" என்ற பலகை மட்டும் அங்கே நிற்கிறது. பள்ளி வேன் ஓட்டுநரைப் பிள்ளைகள் வேன் அண்ணன் என்பார்கள். அவர் வீடு அக்கரையில் இருப்பதால், எச்சரிக்கைத் தகவல் பெறும் எல்லைக்குள் அவர் எண் வராது என்று தங்கள் அலுவலகம் சேர்க்க மறுத்துவிட்டது. நானே அவரை அழைத்துச் சொல்லலாம் என்றால், பாலத்துக்கு இறங்கும் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

7. ஆகவே அவர் பாலத்துக்கு முன் வேனை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, "எல்லாரும் கப்சிப்" என்று சொல்வாராம். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வரும் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பார்களாம். எதுவும் கேட்காவிட்டால் வேன் நகரும். இதை ஏதோ புது விளையாட்டைப் போல என் மகள்தான் சொன்னாள். இப்போதெல்லாம் வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி எங்கள் பேச்சை நிறுத்துகிறாள். சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மறுபடி சாப்பிடுகிறாள். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்பதை எழுத மனுவின் நடை இடம் தராது.

8. சென்ற வாரம் பள்ளி விட்டு வரும்போது, கேட்ட வரையில் ஒன்றும் இல்லையென்று வேன் பாலத்தில் ஏறியிருக்கிறது. பாதியில் தண்ணீர் வந்துவிட்டது. வேன் அண்ணன் பின்னோக்கியே ஓட்டிக் கரையேற்றியிருக்கிறார். வேனின் படி வரை நீர் ஏறியிருக்கிறது. அந்த மனிதருக்கு நான் எந்த ஜென்மத்தில் கடன் தீர்ப்பேனோ தெரியாது. நீர் வடிந்தபின் என் மகள் நனைந்த காலணியோடு வீட்டுக்கு வந்து, "அம்மா, தண்ணி சத்தமே போடாம வந்துச்சு" என்றாள். எச்சரிக்கைத் தகவல் வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். என் கைப்பேசிக்கும் கணவரின் கைப்பேசிக்கும் உரிய நேரத்திலேயே வந்திருந்தது. நாங்கள் இருவரும் அப்போது கூட்டத்தில் இருந்தோம். கூட்டத்தில் இருக்கும்போது கைப்பேசியை ஊமையாக்கிக் குப்புற வைப்பது எங்கள் வேலையின் ஒழுக்கம். தெருவில் குடியேறிய அத்தனை பேருக்கும் அதே ஒழுக்கம்தான். ஆக, ஐயா, தங்கள் எச்சரிக்கை சென்று சேர்ந்தது முழுக்க முழுக்க, வேலை நேரத்தில் அதைப் பார்க்கவே மாட்டாதவர்களுக்கு.

9. இது குறித்து இணையதளத்தில் நான் அளித்த ஒவ்வொரு புகாருக்கும், "தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டுத் தீர்க்கப்பட்டது, தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. இந்த வாசகத்தை நானே அன்றாடம் எத்தனையோ பேருக்கு அனுப்பிவருகிறேன். பொருளைச் சரிசெய்ய வழியில்லை, வாடிக்கையாளர் களைத்துப்போகட்டும் என்று எங்கள் பிரிவில் முடிவெடுத்த பிறகு அனுப்புவது அது. தங்கள் அலுவலகத்திலும் அதே பொருளில்தான் வழங்குகிறதா என்பதை மட்டும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

10. பதில் கிடைக்காமல் அணைக்கே நேரில் சென்றேன். தாங்கள் வெளியூர் சென்றிருந்தீர்கள். சங்கு ஊதும் ஊழியரை இப்போது பழைய சாமான் அறையில் உட்கார்த்தியிருக்கிறார்கள். என்னை வாசலில் நிற்க வைத்தே பேசினார். "பட்டன் இருக்கு, கரன்ட் இருக்கு, நானும் இருக்கேன். உத்தரவுதான் இல்ல" என்றார். அணை விளிம்பு வரை நிறைந்திருப்பதையும், மதகுகளில் சில துருவேறி அசைய மறுப்பதையும், அடுத்த மழைக்கு அவற்றை நெம்பித் திறந்தால் ஆறு சிறுகச் சிறுக ஏறாது, ஒரேயடியாக வரும் என்பதையும் அவரே சொன்னார். போகிற போக்கில், "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். ஆற்றோரத் தெரு, கடைசி வீடு என்றேன். உடனே எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "உட்காருங்கம்மா" என்றார். பிறகு, "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். ஒரே மகள் என்றேன். நான் படியிறங்கும் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த ஊழியர்மீது இதற்காக நடவடிக்கை எதுவும் வேண்டாம் எனப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

11. இம்மனுவில் என் கணவர் கையெழுத்திடவில்லை. "நாமதானே நிறுத்தச் சொன்னோம், இப்ப நாமளே போய் ஊதுங்கன்னா என்ன நினைப்பாங்க?" என்கிறார். மகளின் காலணியை மின்விசிறிக்கு நேராக வைத்துக் காயப்போட்டவரும் அவரே. காய்ந்துவிட்டதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல, மானம் பார்க்கும் மனிதர். ஊரைக் காலி செய்துகொண்டு போய்விடலாமே என்றால், நகரத்து வீட்டை விட்டாயிற்று. சிற்றூரிலிருந்து எழுதும் பதிலுக்குச் சிற்றூர்க் கணக்கில்தான் சம்பளம் என்று நிறுவனமும் என் சம்பளத்தைக் குறைத்துவிட்டது. திரும்பிப் போக எங்களுக்கு இடமில்லை, ஐயா.

12. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,
(அ) பார்வை இரண்டில் கண்ட உத்தரவை ரத்து செய்து, மதகு திறக்கும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சங்கை ஊத ஆணையிடவும்,
(ஆ) வேன் ஓட்டுநரின் எண்ணை எல்லை பார்க்காமல் சேர்க்கவும்,
(இ) துருவேறிய மதகுகளின் நிலையை ஆற்றோரத் தெரு மக்களுக்கும், இனிமேல் அங்கே வாடகைக்கு வரப்போகிறவர்களுக்கும் வாய்திறந்து சொல்லவும்
வேண்டுகிறேன். இம்மனுவுக்கு எழுத்தில் பதில் தேவையில்லை. எழுத்தில் வரும் பதிலின் மதிப்பு எனக்குத் தெரியும். சங்கை ஒருமுறை ஊதினால் போதும். மனு ஏற்கப்பட்டதாக எடுத்துக்கொள்வேன்.

13. திங்கட்கிழமை மகளுக்கு அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. அனுப்பாமல் இருக்க முடியாது. வானம் இரண்டு நாளாக மூடியே கிடக்கிறது. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நானும் வேனில் போகிறேன். பள்ளத்தில் இறங்கிக்கொண்டு பாலத்தில் நான் முன்னால் நடப்பேன், நடுப்பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்த பிறகே வேன் வரும். வேன் அண்ணன் முதலில் இதற்குச் சம்மதிக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. நேற்று ஒத்திகை பார்த்தோம். நடுப்பாலத்திலிருந்து நான் கத்தினால் வேனில் இருப்பவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பின்வாங்கிவிடலாம். தெருவுக்குக் கேட்கவில்லை. அணைக்கும் கேட்காது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
கடைசி வீட்டுக் குடித்தனக்காரர்

இடம்: ஆற்றோரத் தெரு
நாள்: வெள்ளிக்கிழமை, தேர்வுக்கு முந்தைய வாரம்