கடைக்கு அனுப்பிய தலை

பெரியவனின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. இதோ வருகிறேன் என்று சொன்ன பிளம்பரைக் காணவே காணோம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லை கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் வெல்டர் தம்பி விடுமுறையில் ஊருக்கு வந்து, நீங்கள் கொடுத்துவிட்ட பையைத் தந்தார். உட்கார்ந்ததும் பெரியவன் தலையைத் தடவி, உன் அப்பா கைபட்டிருந்தால் காதோரம் இப்படியா இருக்கும் என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். லீவு நாளில் விடுதி மொட்டைமாடியில் நாற்காலி போட்டு நீங்கள் முடி வெட்டுவீர்களாம். வரிசை படிக்கட்டு வரை நிற்குமாம். ஆளுக்கு ஒரு ஸ்டைல், ஆளுக்கு ஒரு கேலியாம். அண்ணன் கத்தரியை எடுத்தால் சாப்பாடுகூட மறந்துபோகும் என்றார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

எனக்குப் போனில் என்ன சொல்வீர்கள்? ஒன்றுமில்லை, அதே பம்ப் ரூம், அதே மீட்டர் முள், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மூன்று வருஷமாக இதேதான். நீங்கள் அங்கே அப்படிக் கிடக்கும்போது நான் இங்கே சிரிப்பதா என்று சாயங்கால ஷட்டில் விளையாட்டையே விட்டேன். கீழே இருந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் கூப்பிடக் கூப்பிட, தலைவலி என்று ஜன்னலைச் சாத்தினேன். நல்ல ஏமாளி நான்.

போன தடவை வந்தபோது பெரியவனை முடிவெட்டும் கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் ஏற்றிவிட்டு, வெளியே பெஞ்சில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கை துறுதுறுக்கவில்லையா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறொரு பெண் என்றால் சண்டை போடவாவது தெரிந்திருக்கும். இதற்கு எப்படிச் சண்டை போடுவது என்றுகூடத் தெரியவில்லை.

சலிப்பு, சலிப்பு என்று சொல்லிக்கொண்டே ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டினீர்கள். பிள்ளைகள் படிப்புக்கு என்றீர்கள், நம்பினேன். அடுத்த மாதம் மறுபடி கையெழுத்து. உங்களுக்குப் பிடித்ததெல்லாம் அங்கேதான் இருக்கிறதா? பிடித்ததைச் செய்தீர்கள் என்று எனக்குக் கோபமில்லை. அதை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, சலிப்பை மட்டும் பொட்டலம் கட்டி எனக்கு அனுப்பினீர்களே, அதுதான் வலிக்கிறது.

நேற்று நானும் மறுபடி விளையாடப் போனேன். பழைய பேட்டரி மாதிரி இரண்டு ஆட்டத்தில் தீர்ந்துபோனேன், தோற்றும் போனேன். ஆனாலும் அப்படிச் சிரித்து நாளாயிற்று. மேலே வந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பாழாய்ப்போன பழக்கம் போகவில்லை.

உங்கள் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது. இத்தனை கோபத்திலும் அதுதான் வாயில் வருகிறது. கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள், இந்த வீட்டிலும் மூன்று தலை இருக்கிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா